சர்வருக்குள் திரும்பிய சேமிப்பகம்

ஒரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஸ்டோரேஜைத் திணறவைக்கும் வேலை எது என்று கேட்டால், பெரும்பாலோர் டேட்டாபேஸ் என்பார்கள். லட்சக்கணக்கான வாடிக்கையாளர் கணக்குகள், மாதக் கடைசியில் சம்பளப் பட்டுவாடா, வரிக் கணக்கு முடிப்பு என்று காரணங்களும் சொல்வார்கள். ஆனால் 2000களின் பிற்பகுதியில் ஸ்டோரேஜ் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது மிகச் சாதாரணமான ஒரு வேலை. காலையில் அலுவலகம் வரும் ஊழியர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கணினியை இயக்கினார்கள். அவ்வளவுதான்.

மேசைக்கு மேசை ஒரு முழுக் கணினி இருந்த காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஐந்நூறு ஊழியர்கள் என்றால் ஐந்நூறு டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் தன் எஜமானருக்கு மட்டும் உழைத்தது. மெய்நிகர் டெஸ்க்டாப் வந்ததும் இந்த அமைப்பு தலைகீழாக மாறியது. ஊழியரின் மேசையில் திரை, கீபோர்டு, மவுஸ், ஒரு சிறு பெட்டி ஆகியவை மட்டும் மிஞ்சின. அவருடைய விண்டோஸ், கோப்புகள், மென்பொருள்கள் எல்லாம் டேட்டா சென்டரில் ஒரு சர்வருக்குள் மெய்நிகர் கணினியாக ஓடின. வங்கிகளும் மருத்துவமனைகளும் கால் சென்டர்களும் இதை விரும்பியதற்கு நல்ல காரணம் உண்டு. வாடிக்கையாளரின் தகவல் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. பெட்டி திருடுபோனாலும் டேட்டா போகாது. மென்பொருளைப் புதுப்பிக்க ஐந்நூறு மேசைகளுக்கு அலைய வேண்டாம். 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது வீட்டிலிருந்தே அலுவலகக் கணினிக்குள் நுழையப் பலருக்குக் கைகொடுத்ததும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் ஐந்நூறு டிஸ்க்குகள் தனித்தனியே செய்துவந்த வேலை எங்கே போயிற்று? மொத்தமும் டேட்டா சென்டரில் இருந்த ஒரே ஸ்டோரேஜ் பெட்டியின் தலையில் விழுந்தது. கணிப்பையும் சேமிப்பையும் ஒரே சர்வருக்குள் வைக்கும், ஹைப்பர் கன்வர்ஜ்டு என்று இன்று சொல்லப்படும் அமைப்பு ஏன் பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி.

ஒரு டிஸ்க்கின் கணக்கு

நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் டிஸ்க்தான் அன்றைய நிறுவன ஸ்டோரேஜில் மிக வேகமானது. அது ஒரு முழுச் சுற்று சுற்ற 4 மில்லிவினாடி ஆகும். வேண்டிய தகவல் தலைப்பகுதிக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 2 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலைப்பகுதி சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 3.5 மில்லிவினாடி. ஆக ஒரு சிறு வாசிப்புக்கு 5.5 மில்லிவினாடி, வினாடிக்குச் சுமார் 180 செயல்கள். இயந்திரம் அசைந்தே ஆக வேண்டும் என்பதால் இதற்கு மேல் அதை விரட்ட முடியாது.

இப்போது ஐந்நூறு டெஸ்க்டாப்புகளை எடுத்துக்கொள்வோம். வேலை நேரத்தில் ஒவ்வொன்றும் வினாடிக்குப் பத்து செயல்கள் கேட்கிறது என்று வைத்தால் மொத்தம் 5,000. விண்டோஸ் ஓடத் தொடங்கிய பிறகு அதன் வேலையில் பெரும்பங்கு எழுதுவதுதான். தற்காலிகக் கோப்புகள், பதிவேடுகள், பிரவுசரின் சேமிப்பு என்று ஓயாமல் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கு எழுபது எழுதுதல் என்றால் வினாடிக்கு 3,500 எழுதுதல், 1,500 வாசிப்பு.

இங்கேதான் ரெய்டு என்ற ஏற்பாட்டின் விலை தெரியவரும். ஒரு டிஸ்க் பழுதானாலும் டேட்டா அழியாமல் காக்கும் இந்த முறையை டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் பெர்க்லியிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் ஐந்தாம் வகையில், ஒரு சிறு எழுதுதலுக்கு நான்கு செயல்கள் தேவை. பழைய தகவலைப் படி, பழைய சரிபார்ப்புத் தொகையைப் படி, புதிய தகவலை எழுது, புதிய தொகையை எழுது. ஆக 3,500 எழுதுதல் 14,000 ஆகிறது. வாசிப்பையும் சேர்த்தால் 15,500. ஒரு டிஸ்க்குக்கு 180 என்று வகுத்தால் 86 டிஸ்க்குகளுக்கு மேல் வேண்டும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஒரு டெஸ்க்டாப்புக்கு 40 ஜிபி என்றால் ஐந்நூறுக்கு 20 டிபி. 600 ஜிபி டிஸ்க்குகள் நாற்பது இருந்தால் தாராளம். இடத்துக்கு நாற்பது போதும், வேகத்துக்கோ எண்பத்தாறு! பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கப்போகும் டிஸ்க்குகளுக்குப் பணம் கொடுத்தால்தான் ஊழியர் சொடுக்கியதும் சாளரம் திறக்கும். இதுவும் அமைதியான மதிய நேரத்துக் கணக்குதான். காலையில் எல்லா மெய்நிகர் கணினிகளும் ஒருசேர எழும்போது கேட்பு பல மடங்கு எகிறும். பூட் ஸ்டார்ம் என்று இதற்குத் துறையில் பெயரே வைத்துவிட்டார்கள். மெய்நிகர் டெஸ்க்டாப் திட்டங்கள் பல, சோதனையில் ஐம்பது பேருக்கு அருமையாக ஓடி, ஐந்நூறு பேருக்கு விரித்ததும் முடங்கிப்போனதற்குக் காரணம் இதுவே.

ஒரே பெட்டி, இரண்டே கன்ட்ரோலர்

டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றலாம். அசையும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி, ஒரு வாசிப்பைச் சுமார் 100 மைக்ரோவினாடியில் முடிக்கும்; சுழலும் டிஸ்க்கைவிட ஐம்பது மடங்கு வேகம். ஆனால் அதைப் பழைய பெட்டிக்குள் செருகியபோது நெரிசல் இடம் மாறியதே ஒழியத் தீரவில்லை.

சான் எனப்படும் அந்த அமைப்பில் சர்வர்கள் ஒரு பக்கம், ஸ்டோரேஜ் பெட்டி மறுபக்கம், நடுவே அதற்கென்றே ஃபைபர் சேனல் சுவிட்சுகள். பெட்டிக்குள் டிஸ்க்குகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் அவற்றை ஆள்வது பெரும்பாலும் இரண்டே கன்ட்ரோலர்கள். டிஸ்க் தட்டுகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். ஒவ்வொரு வாசிப்பும் எழுதுதலும் அந்த இரண்டு கன்ட்ரோலர்களின் வழியாகத்தான் போக வேண்டும். இருபது எஸ்எஸ்டிகளின் வேகமே அவற்றை மூச்சுமுட்ட வைக்கப் போதும்.

நிர்வாகச் சுமையும் சேர்ந்துகொண்டது. ஒரு புதிய சர்வரை இணைக்க, அதன் அட்டையில் உள்ள 16 இலக்க அடையாள எண்ணைக் குறித்து, சுவிட்சில் அதற்கு வழி திறந்து, பெட்டியில் அதற்கொரு பகுதியைப் பிரித்து, அந்தப் பகுதியை அந்த எண்ணுக்கு ஒதுக்க வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் சர்வருக்கு டிஸ்க் தெரியாது. இதற்கென்றே தனி நிபுணரை வைத்துக்கொள்ளப் பெரிய வங்கியால் முடியும். ஒரே ஒரு பொறியாளரை வைத்து ஓடும் மாவட்ட மருத்துவமனையால் முடியாது.

கூகுளிலிருந்து வந்த யோசனை

தீர்வின் வேர் கூகுளில் இருக்கிறது. சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியாஃப், ஷுன்-டாக் லியூங் மூவரும் 2003இல் கூகுள் ஃபைல் சிஸ்டம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஸ்டோரேஜ் பெட்டி எதையும் கூகுள் வாங்கவில்லை. கடையில் கிடைக்கும் சாதாரணக் கணினிகளையும் அவற்றுக்குள் இருக்கும் சாதாரண டிஸ்க்குகளையும் ஆயிரக்கணக்கில் இணைத்து, கோப்புகளை 64 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று கணினிகளில் நகலெடுத்து வைத்தது. கருவி பழுதாவது விதிவிலக்கல்ல, அன்றாட நடப்பு என்று ஏற்றுக்கொண்டு, நம்பகத்தன்மையை இரும்பிலிருந்து மென்பொருளுக்கு மாற்றியதுதான் அதன் சாதனை.

அந்த அமைப்பில் பணியாற்றியவர் மோஹித் ஆரோன். அவர் தீரஜ் பாண்டே, அஜீத் சிங் ஆகியோருடன் சேர்ந்து 2009இல் கலிபோர்னியாவில் நியூட்டானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூவரும் ஐஐடிகளில் படித்தவர்கள். கூகுளின் முறையை அப்படியே எடுத்துவர முடியாது. அது பெரிய கோப்புகளின் கடைசியில் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போவதற்காகச் செய்யப்பட்டது. மெய்நிகர் கணினியோ 4 கேபி, 8 கேபி அளவுத் துணுக்குகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதும். அதற்கேற்ப அடித்தளத்தை மாற்றி 2011இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு முதலில் பெரிய சந்தையாக அமைந்தது மெய்நிகர் டெஸ்க்டாப்தான். வலி எங்கே அதிகமோ மருந்தும் அங்கேதான் முதலில் விற்றது.

பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். விஎம்வேர் 2014இல் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தன் ஹைப்பர்வைசர் மென்பொருளுக்குள்ளேயே விசான் என்ற சேமிப்பு அடுக்கைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் சர்வர் 2016இல் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் வசதியைக் கொடுத்தது. சேஜ் வைல் உருவாக்கிய செஃப் என்ற கட்டற்ற மென்பொருளைப் புராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க அமைப்போடு இணைத்து உரிமக் கட்டணமே இல்லாமலும் இன்று இதைக் கட்டலாம்.

2010ஐ ஒட்டி மூன்று மாற்றங்கள் கைகோத்திருக்காவிட்டால் இவை எதுவும் நடந்திருக்காது. எஸ்எஸ்டி விலை இறங்கியது. ஒரே சிப்பில் கோர்கள் பெருகியதால், சேமிப்பு வேலைக்கென்று சிலவற்றை ஒதுக்க முடிந்தது. வினாடிக்கு 10 ஜிகாபிட் ஈதர்நெட் சாதாரண விலைக்கு வந்தது. 4 கேபி துணுக்கு ஒன்று அந்தக் கம்பியில் ஏற எடுக்கும் நேரம் 3.3 மைக்ரோவினாடி. டிஸ்க்கின் 5.5 மில்லிவினாடிக்கு முன்னால் பக்கத்து சர்வர் கிட்டத்தட்ட உள்ளேயே இருப்பதற்குச் சமம்.

ஒரு 4 கேபி எழுதப்படும் விதம்

ஊழியர் ஒரு மின்னஞ்சலைச் சேமிக்கிறார். அவருடைய மெய்நிகர் கணினி 4 கேபி துணுக்கு ஒன்றை எழுதச் சொல்கிறது. தான் எழுதுவது சொந்த டிஸ்க்கில்தான் என்பது அதன் நினைப்பு. ஹைப்பர்வைசர் அந்தத் துணுக்கைச் சேமிப்பு மென்பொருளிடம் கொடுக்கிறது. அது ஒரு பிரதியை ஒரு சர்வரின் எஸ்எஸ்டியில் எழுதும்போதே இன்னொரு பிரதியை மற்றொரு சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு பக்கமிருந்தும் "எழுதியாயிற்று" என்ற பதில் வந்த பிறகுதான் மெய்நிகர் கணினிக்கு ஒப்புகை போகும். ஒன்று மட்டும் பதில் சொன்னால் போதாது. மின்சாரம் அந்த நொடியே போனாலும் ஒப்புக்கொண்ட தகவல் தொலையக் கூடாது என்பதே இதன் விதி.

நியூட்டானிக்ஸ் அமைப்பில் ஒரு பிரதி, அந்த மெய்நிகர் கணினி ஓடும் சர்வரிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் வாசிப்புகளில் பெரும்பகுதி நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. காலை நேரப் புயலும் இங்கே வலுவிழக்கிறது. ஐந்நூறு டெஸ்க்டாப்புகளும் ஒரே மூலப் படிமத்திலிருந்து பிறந்தவை. எழும்போது எல்லாம் படிப்பது அதே துணுக்குகளைத்தான். முதல் கணினி படித்ததும் அந்தத் துணுக்கு சர்வரின் நினைவகத்தில் தங்கிவிட, அடுத்து வருபவற்றுக்கு அங்கிருந்தே கிடைத்துவிடுகிறது.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது வளர்ச்சியின் கணக்கு. ஒவ்வொரு புதிய சர்வரும் தன் கோர்களோடும் நினைவகத்தோடும் தன் எஸ்எஸ்டியையும் தன் கன்ட்ரோலரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இன்னும் நூறு ஊழியர் சேர்ந்தால் இன்னும் ஒரு சர்வர். அவர்களுக்கு வேண்டிய கணிப்புத்திறன், இடம், வேகம் மூன்றும் அதிலேயே இருக்கும். ஐந்தாண்டு கழித்து வரப்போகும் கூட்டத்துக்காக இன்றே பெரிய பெட்டியை வாங்கி வைக்க வேண்டாம்.

ஒரு சர்வர் விழுந்தால்

நள்ளிரவில் ஒரு சர்வரின் மதர்போர்டு பழுதாகிறது. அதில் ஓடிய டெஸ்க்டாப்புகளை மற்ற சர்வர்கள் மறுபடி எழுப்பிக்கொள்கின்றன. அவற்றின் தகவலுக்கு இன்னொரு பிரதி வேறெங்கோ இருப்பதால் எதுவும் தொலையவில்லை. ஆனால் இப்போது பல துணுக்குகளுக்கு ஒரே பிரதிதான் மிச்சம். விசான், வழக்கமான அமைப்பில், 60 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். பராமரிப்புக்காக யாரேனும் சர்வரை அணைத்து ஏற்றியிருக்கலாம் அல்லவா? திரும்பி வராவிட்டால் தொலைந்த பிரதிகளை மீண்டும் உருவாக்கத் தொடங்கும்.

பழைய ரெய்டில் இந்த மீட்பு ஒற்றை மாற்று டிஸ்க்கில் நடக்கும். 4 டிபி டிஸ்க் ஒன்றில் வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். ஹைப்பர் கன்வர்ஜ்டு சர்வர்களின் கூட்டமான கிளஸ்டரில் பிரதிகள் எல்லா சர்வர்களிலும் பரவிக் கிடப்பதால் எல்லோரும் படித்து எல்லோரும் எழுதுகிறார்கள். சர்வர் எண்ணிக்கை கூடக்கூட மீட்பு நேரம் குறைகிறது. இரண்டாவது பழுது வந்து சேர்வதற்கு முன் காயம் ஆறிவிட வேண்டும் என்பதே இந்த அவசரத்தின் காரணம்.

சர்வர் சாகாமல், இடையில் உள்ள கம்பி மட்டும் அறுந்தால் நிலைமை இன்னும் சிக்கல். இரு பக்கமும் உயிரோடிருக்கும். இரண்டும் மற்றது இறந்துவிட்டதாக நினைக்கும். இரண்டுமே ஒரே கோப்பில் தனித்தனியாக எழுதத் தொடங்கினால் எது உண்மை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பெரும்பான்மை வாக்கு உள்ள பக்கமே எழுதலாம் என்பது சட்டம். இத்தகைய உடன்பாட்டை எட்டும் வழிமுறைகளில் புகழ்பெற்றது லெஸ்லி லாம்போர்ட் 1998இல் வெளியிட்ட பாக்ஸோஸ். இரண்டே சர்வர் உள்ள கிளை அலுவலகத்தில் டேட்டா எதையும் வைத்துக்கொள்ளாமல் வாக்கு மட்டும் போடும் மூன்றாவது சாட்சி ஒன்றை வேறிடத்தில் அமைப்பதும் இதற்காகத்தான். அந்தச் சாட்சியைக் காசு மிச்சம் பிடிக்க இரண்டு சர்வர்களில் ஒன்றுக்குள்ளேயே வைத்தால் அது சாட்சியே அல்ல. அந்த சர்வர் போனால் இரண்டு வாக்குகள் ஒன்றாகப் போய்விடும்.

80 எப்படி 24 ஆகிறது

இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. வாங்குபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. தலா 20 டிபி கொண்ட நான்கு சர்வர்கள் என்றால் விலைப்பட்டியலில் 80 டிபி என்று இருக்கும். ஒரு சர்வர் விழுந்தாலும் அதன் பிரதிகளை மற்ற மூன்றும் ஏந்த வேண்டும். ஆகவே ஒரு சர்வரின் இடத்தைக் கழித்தால் 60. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி, ஆக 30. அன்றாட இடமாற்றங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால் 24. இதை நிரப்பிவிட்டு, சர்வர் விழுந்த அன்று மீட்புக்கு இடமில்லாமல் தவிப்பதுதான் இந்த அமைப்பில் நேரக்கூடிய மிக மோசமான நிலை.

இழந்த இடத்தில் ஒரு பகுதியை மென்பொருளே திருப்பித் தருகிறது. ஒரே துணுக்கு ஐந்நூறு முறை வந்தாலும் ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் டீடூப்ளிகேஷன், ஒரே மாதிரியான டெஸ்க்டாப்புகளில் மிக நன்றாகப் பலிக்கும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோவிலும் ஸ்கேன் படங்களிலும் அநேகமாகப் பலிக்காது. இரண்டு முழுப் பிரதிகளுக்குப் பதில் நான்கு துண்டுகளும் இரண்டு சரிபார்ப்புத் துண்டுகளுமாகப் பரப்பி வைக்கும் முறையும் உண்டு. அதில் இரண்டு மடங்குக்குப் பதில் ஒன்றரை மடங்கு இடமே போதும்; இரண்டு சர்வர்கள் விழுந்தாலும் தாங்கும். ஆனால் குறைந்தது ஆறு சர்வர்கள் வேண்டும். ஒரு சிறு எழுதுதலுக்குப் பல செயல்கள் என்ற ரெய்டின் பழைய தண்டனையும் இங்கே திரும்பி வரும். ஓயாமல் எழுதும் டெஸ்க்டாப்புக்கு நேரடிப் பிரதி, எழுதிவிட்டு எப்போதாவது படிக்கும் கோப்புக் கிடங்குக்குத் துண்டு முறை என்று பிரித்து வைப்பதே விவேகம்.

மற்ற அலுவலக வேலைகள்

டெஸ்க்டாப்புக்கு நன்றாக ஓடுகிறதே என்று மின்னஞ்சல், கோப்பு சர்வர், கணக்கு மென்பொருள், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் அதே கிளஸ்டரில் ஏற்றுவது இன்று பரவலாக நடக்கிறது. நடுத்தர நிறுவனத்துக்கு இது பெரும்பாலும் சரியான முடிவுதான். ஒரே இடத்தில் எல்லாம் தெரியும்; ஒரே பொறியாளர் சமாளிக்கலாம். ஆனால் எந்த வேலையில் எது வளர்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

டெஸ்க்டாப்பில் கணிப்புத்திறனும் இடமும் ஆள் எண்ணிக்கையோடு சேர்ந்தே வளரும். அதனால்தான் அது இந்த அமைப்புக்கு இவ்வளவு பொருந்துகிறது. மருத்துவமனையின் ஸ்கேன் படக் கிடங்கில் இடம் மட்டும் வளரும். அதற்காக முழு சர்வர் வாங்கினால், வேலையில்லாத கோர்களுக்கும் பணம் போகும். டேட்டாபேஸில் இது இன்னும் கனக்கும். மைக்ரோசாஃப்ட் தன் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸுக்கு 2012 பதிப்பிலிருந்து கோர் கணக்கில் உரிமம் தருகிறது. டேட்டாபேஸ் ஓடக்கூடிய சர்வர்களின் கோர்கள் முழுவதற்கும் உரிமம் எடுக்கும் நிறுவனத்துக்கு, இடத்துக்காக ஒரு சர்வர் சேர்த்தாலும் உரிமச் செலவு ஏறும். இடம் மட்டும் தரும் சர்வர்களைச் சேர்க்கும் வழியைப் பல தயாரிப்புகள் பிற்பாடு கொண்டுவந்ததற்குக் காரணம் இந்த நெருக்கடிதான். சேமிப்பு மென்பொருளும் ஒவ்வொரு சர்வரிலும் சில கோர்களையும் பல ஜிபி நினைவகத்தையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அந்த மென்பொருளின் உரிமையாளர் மாறினால் விலையும் விதியும் மாறலாம். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. ஒருமுறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனை சில வாரங்களிலேயே நின்று, சந்தா முறை வந்தது. இரும்பையும் மென்பொருளையும் ஒன்றாகப் பிணைத்துவிட்ட நிறுவனங்களுக்கு அன்று பேரம் பேச அதிக வழியில்லை.

நகல் வேறு, பேக்கப் வேறு

இரண்டு பிரதி இருக்கிறது, இனி பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும்: இது உயிர்போகும் தவறு. ஒருவர் கோப்பை அழித்தால் இரண்டு பிரதியும் அதே நொடியில் அழியும். ரான்சம்வேர் ஒரு கோப்பைப் பூட்டினால் பூட்டிய வடிவமே இரண்டு இடத்திலும் விசுவாசமாக எழுதப்படும். கருவி பழுதிலிருந்து மட்டுமே பிரதி காக்கும்; மனிதப் பிழையிலிருந்தும் தாக்குதலிலிருந்தும் காப்பது வேறு இடத்தில், வேறு கடவுச்சொல்லின் கீழ், மாற்ற முடியாதபடி வைக்கப்பட்ட பேக்கப் மட்டுமே. ஹைப்பர் கன்வர்ஜ்டு அமைப்பில் கணிப்பும் சேமிப்பும் ஒரே இடத்தில் இருப்பதால், நிர்வாகிக் கணக்கு ஒன்று பறிபோனால் இழப்பு பழைய காலத்தைவிடப் பெரிது.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் தங்கள் அலுவலகத்தை அளந்து பாருங்கள். திங்கள்கிழமை காலையில் வாசிப்பு எவ்வளவு, எழுதுதல் எவ்வளவு, துணுக்கின் அளவு என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்றாண்டில் வளரப்போவது ஆளா, கோப்பா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்து வளருமானால் தயங்காமல் இந்தப் பக்கம் வாருங்கள். பிறகு விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிக் கிளஸ்டரில் உங்கள் டெஸ்க்டாப்புகளை ஏற்றி, எல்லாம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். ஊழியரின் திரை எத்தனை நொடி உறைகிறது, மீட்பு எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த நேரத்தில் மற்றவர்களின் வேலை எவ்வளவு மந்தமாகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த எண்களை வைத்து முடிவு செய்யுங்கள்.